லண்டனில் பியானோ தனிக் கச்சேரிக்கு டிக்கெட்: எந்தப் பக்கம், எப்போது, யாரிடம்?

#1 குரோய்டன்_வாசி

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் ஆறாம் கிரேடு பியானோத் தேர்வுக்குத் தயாராகிறாள். பெரிய கலைஞர் ஒருவரை நேரில் கேட்க வைக்க வேண்டும் என்று மூன்று டிக்கெட் தேடுகிறோம். ஒரே கச்சேரிக்கு ஒரு இருக்கை இன்னொன்றைவிட மூன்று மடங்கு விலை. எதைப் பார்த்து இந்த விலை வைக்கிறார்கள்? விலை கூடின இடத்தில்தான் பியானோ நன்றாகக் கேட்குமா? இணையத்தில் தேடினால் முதலில் வரும் தளங்களில் "இன்னும் 4 டிக்கெட்தான்" என்று சிவப்பு எழுத்து ஓடுகிறது. அங்கே வாங்கலாமா?

#2 இடதுபக்கம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அங்கே வாங்காதீர்கள். தேடலில் மேலே வருபவை பெரும்பாலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். அரங்கின் பெயரையே முகவரியில் வைத்துக்கொண்டு மறுவிற்பனை செய்யும் தளங்களும் உண்டு. பியானோ கலைஞரின் சொந்தத் தளத்துக்குப் போய், கச்சேரித் தேதிகள் உள்ள பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து அரங்கின் தளத்துக்குப் போங்கள். வழி மாறாது. அரங்கின் தளத்தில் இருக்கை வரைபடம் வரும், வரிசையும் எண்ணும் தெரியும். "மேல் தளம், நல்ல இருக்கை" என்று மட்டும் சொல்லி எண்ணைச் சொல்லாத தளத்தின் கையில் அந்த டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். விற்றுவிட்டு அப்புறம் தேடுவார்கள்.

இப்போது விலை. அரங்குகள் பெரும்பாலும் மேடையிலிருந்து உள்ள தூரத்தையும், தலை மறைக்காத பார்வையையும் வைத்து விலை போடுகின்றன. அது சிம்பனிக்குப் பொருத்தம். பியானோ தனிக் கச்சேரிக்கு அதைவிட முக்கியம், இடமா வலமா என்பது. கச்சேரி பியானோ மேடையில் குறுக்கே நிற்கும். பரவலாக இருக்கிற ஸ்டைன்வே டி மாடலின் நீளம் 274 சென்டிமீட்டர். கலைஞர் நம் இடது கைப் பக்கம் உட்கார்ந்து வலது பக்கம் பார்த்து வாசிப்பார். மூடியின் கீல் மேடையின் பின்பக்கம், திறப்பு நம் பக்கம். ஆகவே விரல்களைப் பார்க்க வேண்டுமானால் அரங்கின் இடது பாதி. நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் முகம் தெரியும், கை தெரியாது. ஆறாம் கிரேடு படிக்கும் பிள்ளைக்குக் கையும் மிதிக்கட்டையும் (பெடல்) தெரிவதுதான் பாதிப் பாடம். பெடலை எவ்வளவு ஆழம் அழுத்துகிறார், எங்கே பாதியில் விடுகிறார் என்பதை ஒலிப்பதிவில் பார்க்க முடியாது.

வரைபடத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். இருக்கை எண் 1 எல்லா அரங்கிலும் இடப்பக்கம் தொடங்குவதில்லை. வரைபடத்தில் மேடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதும் மாறும். மேடையை நோக்கி உட்கார்ந்தால் எது உங்கள் இடது கை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். எண்ணை மட்டும் நம்பி எதிர்ப்பக்கம் வாங்கிவிடுவது நிறையப் பேர் செய்யும் தவறு.

முதல் இரண்டு வரிசைக்கும் போக வேண்டாம். மேடை உயரம் என்பதால் பியானோவின் அடிப்பலகைதான் கண்ணுக்கு நேரே இருக்கும், ஒலி தலைக்கு மேலே போய்விடும். ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை, நடுவுக்குச் சற்று இடது. அதுதான் என் தேர்வு.

#3 சுருதிப்பெட்டி

குரோய்டன்_வாசி, பிள்ளையோட முதல்தரம் போறதெண்டால் விக்மோர் ஹோலிலை தொடங்குங்கோ. 1901இலை பெக்ஸ்டைன் எண்ட ஜேர்மன் பியானோக் கொம்பனி தங்கட விற்பனைக் கடைக்குப் பக்கத்திலை கட்டின மண்டபம் அது. பியானோவுக்கெண்டே கட்டினது. முதலாம் உலகப்போரோட கைமாறி, 1917இலை விக்மோர் ஹோல் எண்ட பேரிலை திரும்பத் திறந்தவை. கிட்டத்தட்ட 550 கதிரைதான். பெரிய மண்டபத்திலை முப்பதாம் வரிசையிலை இருக்கிறதை விட இங்க கடைசி வரிசை கிட்ட.

காசும் நேரமும் யோசிச்சால் இரவுக் கச்சேரியை மட்டும் பார்க்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை காலை 11.30க்கு ஒரு கச்சேரி இருக்கும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், இடைவேளை இல்லை, முடிய கோப்பியோ ஜூஸோ தருவினம். திங்கள் மத்தியானம் 1 மணிக் கச்சேரி பிபிசி ரேடியோ 3இலை நேரடியாப் போறது. பள்ளிக்கூடம் இருக்கிற பிள்ளைக்கு ஞாயிறுதான் தோது. ரெண்டும் இரவு ரிக்கெற்றை விட மலிவு, வாசிக்கிற ஆக்கள் குறைஞ்ச ஆக்கள் இல்லை.

இன்னொண்டு: 35 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஆக்களுக்கு அங்க 5 பவுண் ரிக்கெற் இருக்கு. எல்லாக் கச்சேரிக்கும் இல்லை, தெரிஞ்செடுத்த கச்சேரிகளுக்கு மட்டும். உங்கட மகள் அதுக்குள்ள வருவா. வாசலிலை வயசு காட்டச் சொன்னால் காட்ட ஒரு அடையாள அட்டை கொண்டு போங்கோ.

அந்த மண்டபத்திலை ஒரு குறை: தரை பெரிசாச் சரிவில்லை. முன்னுக்கு உயரமான ஆள் இருந்தால் பிள்ளைக்கு மறைக்கும். வரிசையின்ர நடுப்பாதை ஓரக் கதிரையை எடுத்து, பிள்ளையை ஓரத்திலை இருத்துங்கோ. பின்னுக்கு பல்கனிக்குக் கீழ வாற கடைசி வரிசைகளிலை சத்தம் கொஞ்சம் மங்கும். அதாலைதான் மலிவு.

#4 இசைத்தாள்

இடதுபக்கம் சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுவேன். பார்க்கப் போனால் இடது சரி. கேட்கப் போனால் வலது.

மூடி பியானோவின் ஒலியை, அதிலும் மேல்ஸ்தாயி நரம்புகளின் கூர்மையை, தட்டித் திருப்பி அரங்குக்குள் அனுப்புகிறது. உயர் அதிர்வெண் ஒலி நேர்கோட்டில் போகும் குணம் கொண்டது, அதனால் மூடியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே துலக்கமாக இருக்கும். அது அரங்கின் நடுவிலிருந்து வலது. இடது ஓரத்துக்குப் போகப் போக மந்தரம் (தாழ்ந்த சுரங்கள்) கூடி மேல்ஸ்தாயி மழுங்கும். விக்மோர் மாதிரிச் சிறிய செவ்வக அரங்கில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ராயல் ஃபெஸ்டிவல் ஹால், பார்பிகன் போன்ற பெரிய அரங்கில் நன்றாகவே தெரியும்.

விலையிலும் இதன் விளைவு உண்டு. எல்லோரும் கை தெரியும் பக்கம் என்று இடதுக்கே ஓடுவதால் அது முதலில் தீர்கிறது. வலது பக்கம் அதே வரிசையில் அதே விலை, கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்வரைகூட கிடைக்கும். சில அரங்குகள் கை தெரியாத பக்கத்துக்கு விலையையே குறைக்கின்றன. டெபுஸி, ராவெல் மாதிரி ஒலியின் நிறம் முக்கியமான பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் நிகழ்ச்சியென்றால் நான் வலது நடு பால்கனி முதல் வரிசையையே சொல்வேன்.

#5 இடதுபக்கம்

ஒலியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, இசைத்தாள். இடது ஓரத்துக்குப் போகாதீர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நடுவிலிருந்து இடப்பக்கம் ஐந்தாறு இருக்கைக்குள் இருந்தால் கையும் தெரியும், மேல்ஸ்தாயியும் போகாது. அதற்கு மேல் போனால் கலைஞரின் முதுகும் பியானோவின் பக்கப்பலகையும்தான்.

ஆனால் கேட்பவர் 13 வயது மாணவி. அவளுக்கு நான் இடதையே சொல்வேன்.

#6 குரோய்டன்_வாசி

மூவருக்கும் நன்றி. சுருதிப்பெட்டி, ஞாயிறு காலை என்பது நினைத்தே பார்க்காத யோசனை. இன்னும் இரண்டு சந்தேகம். ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடைக்குப் பின்னால் மிக மலிவாக இருக்கைகள் காட்டுகிறது, அது என்ன? அப்புறம் ஒரு கலைஞரின் பெயரைத் தேடினால் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கச்சேரிகளும் வருகின்றன. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

#7 இசைத்தாள்

மேடைக்குப் பின்னால் இருப்பது குவயர் இருக்கைகள். கூட்டுப்பாடகர்கள் இல்லாத நாளில் அவற்றை விற்பார்கள். சிம்பனிக்கு அருமையான இடம், நடத்துனரின் முகம் தெரியும். பியானோவுக்கு யோசிக்க வேண்டும். நீங்கள் மூடியின் முதுகுப்புறம் இருக்கிறீர்கள். ஒலி உங்களுக்கு எதிர்த்திசையில் போய், அரங்கைச் சுற்றிவிட்டுத் திரும்ப வருகிறது. மந்தரம் மொத்தமாகவும் மெல்லிய இடங்கள் தூரத்தில் கேட்பது போலவும் இருக்கும். அங்கேயே வாங்குவதென்றால் பக்கம் பார்த்து வாங்குங்கள்: மேடையை முன்னால் இருந்து பார்க்கும்போது இடப்பக்கம் வரும் குவயர் இருக்கைகளில் கலைஞரின் இடது தோளுக்கு மேலாக விரல்கள் தெளிவாகத் தெரியும். மறுபக்கம் போனால் மூடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அதற்குக் கொடுக்கும் காசு எவ்வளவு குறைவென்றாலும் வீண்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. தனிக் கச்சேரியில் இரண்டு மணி நேரமும் பியானோ. ஆர்கெஸ்ட்ராவோடு என்றால் அது கான்செர்டோ. வழக்கமான அமைப்பு: முதலில் ஒரு சிறிய ஆர்கெஸ்ட்ரா படைப்பு, அடுத்து கான்செர்டோ, இடைவேளை, பிறகு சிம்பனி. மொஸார்ட் கான்செர்டோ என்றால் 25 முதல் 30 நிமிடம், ராக்மானினோவின் மூன்றாவது 40 நிமிடத்தை ஒட்டி, பிராம்ஸின் இரண்டாவது 50 நிமிடத்தை ஒட்டி. இடைவேளையோடு கலைஞரின் வேலை முடிந்தது. பாதிக்கு மேல் வரலாம் என்று தாமதமாக வந்தால் யாருக்காக டிக்கெட் வாங்கினீர்களோ அவரைக் கேட்காமலே திரும்ப வேண்டும். டிக்கெட் பக்கத்தில் கலைஞர் பெயரை மட்டும் படிக்காமல் நிகழ்ச்சி வரிசையைப் படியுங்கள்.

கலைஞரே ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தினால் இன்னொரு மாற்றம். மூடியைக் கழற்றிவிட்டு பியானோவை நீளவாக்கில் திருப்பி, விசைப்பலகை நம் பக்கம் வரும்படி வைப்பார்கள். கலைஞரின் முதுகு நமக்கு. அன்று இடது வலது கணக்கு செல்லாது, மேல் தளம்தான் நல்லது.

#8 கவுண்டர்_3

டிக்கெட் விற்பனைப் பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரிய பெயர் என்றால் இருக்கை அறிவைவிட விற்பனை நாள் காலையில் செய்யும் வேலைதான் முடிவு செய்யும்.

லண்டன் அரங்குகளில் விற்பனை அலை அலையாகத் திறக்கும். கூடுதல் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு முதலில், சாதாரண உறுப்பினர்களுக்கு அடுத்து, பொதுமக்களுக்குக் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நாள் இடைவெளி. 550 இருக்கை அரங்கில் மிகப் பெரிய கலைஞர் என்றால் பொது விற்பனை தொடங்கும்போதே இடது நடு வரிசைகள் போயிருக்கும். வருடத்துக்கு ஐந்தாறு கச்சேரி போகிறவருக்கு உறுப்பினர் கட்டணம் கட்டுபடியாகும். ஒரே ஒரு கச்சேரிக்கென்றால் ஆகாது.

பொது விற்பனை நாளுக்கான ஏற்பாடு:

முந்தின நாளே அரங்கின் தளத்தில் கணக்குத் திறந்து, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பி, ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் மறந்து மின்னஞ்சலுக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் ஒரு வரிசையே போய்விடும்.

விற்பனை தொடங்கும் முன்பே காத்திருப்புப் பக்கம் திறந்திருக்கும். பெரும்பாலான அமைப்புகளில், தொடங்கும் நேரத்துக்கு முன் வந்து நிற்கும் எல்லோருக்கும் அந்த நொடியில் குலுக்கல் முறையில் இடம் கிடைக்கும். விடியற்காலை வந்து நிற்பதால் முன்னுரிமை கிடையாது. ஆனால் தொடங்கியபின் வந்தால் எல்லோருக்கும் பின்னால்தான். பத்து நிமிடம் முன் வந்தால் போதும். வந்தபின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், ஒரே உலாவியில் நான்கு சாளரம் திறக்காதீர்கள். இரண்டுமே உங்களைக் கடைசிக்குத் தள்ளக்கூடும்.

மூன்று இருக்கை சேர்ந்து வேண்டும் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. வரிசையில் ஒற்றை இருக்கை தனியாக மிஞ்சும்படி எடுத்தால் பல அமைப்புகள் ஏற்காது. நான்கு காலியில் மூன்றை எடுத்தால் சிவப்பில் பிழை வரும். அங்கே நின்று மல்லுக்கட்டாமல், இரண்டு ஒரு வரிசையிலும் ஒன்று நேர் பின்னாலும் எடுங்கள். பெரியவர் ஒருவர் பின்னால் உட்காரலாம்.

கூடையில் போட்டதும் நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். அது முடிந்தால் இருக்கை திரும்பப் போய்விடும். நேரத்தைத் தின்பது வங்கியின் ஒப்புதல். கார்டு யார் பெயரிலோ அவருடைய தொலைபேசிக்குத்தான் ஒப்புதல் கேட்டு வரும். கார்டு கணவருடையது, அவர் வேலையில், தொலைபேசி அவர் பையில் என்றால் காரியம் கெட்டது. யார் பதிவு செய்கிறாரோ அவர் கார்டையே பயன்படுத்துங்கள்.

சேவைக் கட்டணத்தையும் பாருங்கள். சில இடத்தில் ஒரு பரிவர்த்தனைக்கு ஒருமுறை, சில இடத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும். முதல் வகையில் மூன்று டிக்கெட்டையும், முடிந்தால் அடுத்த மாதக் கச்சேரியையும், ஒரே தடவையில் போடுவது லாபம்.

#9 சுருதிப்பெட்டி

கவுண்டர்_3 சொன்னது முழுக்கச் சரி. "விற்றுத் தீர்ந்தது" எண்டு கண்ட பிறகு செய்ய வேண்டியதை நான் சொல்லுறன்.

பியானோக் கச்சேரிக்கு ஆறு, எட்டு மாசத்துக்கு முந்தியே ரிக்கெற் எடுக்கிறவை கனபேர். அவ்வளவு முந்தி எடுத்தால் கடைசியிலை வர ஏலாமல் போறவையும் கனபேர். திருப்பிக் குடுத்த ரிக்கெற்றுகள் அந்த வரைபடத்திலையே ஒண்டொண்டாத் திரும்ப வரும். கச்சேரிக்கு முந்தின ரெண்டு நாளும், அண்டைக்கு மத்தியானமும்தான் கூட வரும். அனுசரணையாளருக்கும் கலைஞரின்ர ஆக்களுக்கும் எண்டு ஒதுக்கி வைச்ச கதிரைகளையும் அந்த நேரத்திலைதான் விடுவினம். ஒருத்தர் தனியப் போறதெண்டால் அனேகமாக் கிடைக்கும். மூண்டு சேர்ந்து கிடைக்கிறது கஷ்டம்.

பொக்ஸ் ஒஃபிசுக்கு ஒருக்கா போன் பண்ணி மரியாதையாக் கேளுங்கோ. தூண் மறைக்கிற கதிரை, பியானோ மூடி மறைக்கிற கதிரை எல்லாம் அவையளுக்கு எண்ணோட தெரியும். இணையத்திலை ஒரே நிறத்திலை தெரியிற ரெண்டு கதிரையிலை எது நல்லதெண்டு சொல்லுவினம். சக்கர நாற்காலி, கூட வாற துணையாள், கேட்கும் கருவி தேவையான ஆக்களும் போனிலை எடுக்கிறதுதான் நல்லம். துணையாளுக்குக் கன இடத்திலை காசு இல்லை, ஆனால் முதலே பதிஞ்சு வைக்க வேணும்.

கோடையிலை எண்டால் ப்ரொம்ஸ் எண்ட பிபிசி இசைவிழா. ஜூலை நடுவிலை இருந்து செப்ரெம்பர் நடு மட்டும் ரோயல் அல்பேர்ட் ஹோலிலை. நிண்டு கேக்கிற ரிக்கெற் அண்டண்டைக்கு விப்பினம், 2024இலை 8 பவுண். 5,000 பேருக்கு மேல கொள்ளுற வட்ட மண்டபம். அதிலை தனிப் பியானோ சின்னதாக் கேக்கும். கொன்சேர்ட்டோ எண்டால் கீழ அரீனாவிலை இடப்பக்கம் முன்னுக்கு நிண்டால், 100 பவுண் கதிரைக்காரரை விடக் கிட்டத்திலை கையைப் பார்க்கலாம். பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலம் நிக்கத் தெம்பிருக்க வேணும்.

#10 மாடிப்படி

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். ரஷ்யப் பியானோ கலைஞர் கிரிகோரி சொகோலோவ் லண்டனுக்கு எப்போது வருவார், எங்கே அறிவிப்பார்கள்? தேடித் தேடிப் பார்க்கிறேன், வருவதே இல்லை.

#11 இசைத்தாள்

வரமாட்டார். பிரிட்டன் விசா நடைமுறை காரணமாக 2008-ல் லண்டன் கச்சேரி ரத்தானது, அதன்பின் அவர் இங்கே வாசிப்பதில்லை. ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும். வியன்னா கொன்ஸர்ட்ஹவுஸ், பெர்லின் பில்ஹார்மனி மாதிரி இடங்களின் தளங்களை நேரடியாகப் பாருங்கள்.

அவருக்கு டிக்கெட் வாங்குவதில் ஒரு மாறுபாடு. நிகழ்ச்சி விவரம் மிகத் தாமதமாகவே வரும். என்ன வாசிப்பார் என்று தெரியாமலே வாங்க வேண்டும். ஒரு பருவத்துக்கு ஒரே நிகழ்ச்சியைத்தான் ஊர் ஊராக வாசிப்பார் என்பதால், அந்தப் பருவத்தின் முந்தின கச்சேரிகளைப் பார்த்தால் உங்கள் நாளுக்கு என்ன என்று ஊகிக்கலாம். கச்சேரி முடிந்தபின் தனியாக ஆறு படைப்புவரை வாசிப்பது அவர் வழக்கம். ரயிலையோ விமானத்தையோ ஒட்டிப் போடாதீர்கள், அன்றிரவு அங்கேயே தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஹங்கேரியில் பிறந்த பியானோ கலைஞர் ஆந்த்ராஷ் ஷிஃபும் இப்போதெல்லாம் நிகழ்ச்சியை முன்கூட்டி அச்சிடாமல் மேடையிலிருந்தே சொல்கிறார். குறிப்பிட்ட ஒரு சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) கேட்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு இந்த இருவரும் ஒத்துவர மாட்டார்கள். எதை வாசித்தாலும் கேட்போம் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து இல்லை.

வியன்னாவில் விற்பனை காலை ஒன்பதுக்குத் திறந்தால் லண்டனில் எட்டு. இந்த ஒரு மணி நேரத்தில் கோட்டைவிடுகிறார்கள். அப்புறம், அங்கே தெருவில் வெள்ளை டோப்பாவும் பட்டு அங்கியும் அணிந்து டிக்கெட் விற்பவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கான மொஸார்ட் தொகுப்புக் கச்சேரிகளை விற்கிறார்கள். சில சமயம் அது வியன்னாவின் புகழ்பெற்ற அரங்கான முஸிக்ஃபெராயின் பொன் மண்டபத்திலேயே நடக்கும். கச்சேரி உண்மையானதுதான், ஆனால் நீங்கள் தேடிவந்த பியானோ கலைஞர் அதில் இருக்க மாட்டார்.

#12 குரோய்டன்_வாசி

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேவாலயங்களில் நடக்கும் பியானோ கச்சேரிகளுக்கும் விளம்பரம் நிறைய வருகிறதே, அது எப்படி? இன்னொரு கேள்வி: கலைஞருக்கு உடல்நலமில்லாமல் வேறொருவர் வந்தால் பணம் திரும்புமா?

#13 கவுண்டர்_3

மெழுகுவர்த்திக் கச்சேரி வேறு வகை. ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிரபலமான துண்டுகள். இருக்கை எண் இருக்காது, ஏ பி சி என்று பகுதி மட்டும். அந்தப் பகுதிக்குள் முதலில் வந்தவருக்கு முதல் இடம். எனவே நல்ல பகுதி வாங்கிவிட்டுக் கடைசி நிமிடம் போனால் தூணுக்குப் பின்னால்தான். தேவாலயத்தின் நீண்ட எதிரொலியில் வேகமான பியானோ வாசிப்பு கலங்கிப்போகும். அங்கே பியானோவுக்கு முன் நான்கைந்து வரிசைக்குள் இருந்தால்தான் தெளிவு. மகள் தேர்வுக்குப் படிக்கும் வகை இசையை முழுசாகக் கேட்க அது வழியல்ல.

பணம்: கச்சேரியே ரத்தானால் டிக்கெட் விலை திரும்பும். சேவைக் கட்டணம் திரும்புமா என்பது அரங்கின் விதியைப் பொறுத்தது. கலைஞரோ நிகழ்ச்சியோ மாறினால் பெரும்பாலான அரங்குகளின் விதிப்படி திரும்பாது. டிக்கெட் வாங்கும்போது "நிகழ்ச்சி மாறக்கூடும்" என்ற வரிக்கு நாம் சம்மதித்தே வாங்குகிறோம். ஆனாலும் ஒரே ஒருவர் வாசிக்கும் கச்சேரியில் அந்த ஒருவரே மாறினால் சில அரங்குகள் நல்லெண்ணத்தில் திருப்பித் தருகின்றன. மாற்றம் அறிவித்த அன்றே கேட்டுவிடுங்கள், கச்சேரி முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் ரத்து செய்யும் உரிமை இங்கே செல்லாது. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு.

#14 வரவுசெலவு

கிரெடிட் கார்டில் வாங்குங்கள். மொத்தத் தொகை 100 பவுண்டைத் தாண்டினால் 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, விற்றவர் வாக்குத் தவறினால் வங்கியும் பொறுப்பு.

#15 கவுண்டர்_3

சின்னத் திருத்தம், வரவுசெலவு. மொத்தத் தொகை அல்ல, ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும், 30,000-க்கு மிகாமல். 45 பவுண்டில் மூன்று டிக்கெட் வாங்கினால் 135 ஆனாலும் 75-ஆம் பிரிவு வராது. பியானோ டிக்கெட் பெரும்பாலும் நூறுக்குக் கீழேதான். அப்போது இருப்பது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. அது கார்டு நிறுவனங்களின் விதி, சட்டம் அல்ல, கால வரம்பும் உண்டு. டெபிட் கார்டுக்கும் பொருந்தும். இடைத்தரகர் வழியாக வாங்கினால் 75-ஆம் பிரிவுக்குத் தேவையான நேரடித் தொடர்பே அறுந்துபோகலாம். அரங்கிலேயே நேரடியாக வாங்குங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியே தீர வேண்டும் என்றால்: 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விற்பவர் வரிசை, இருக்கை எண், அச்சிட்ட விலை, கட்டுப்பாடுகள் இவற்றைச் சொல்ல வேண்டும். இதில் ஒன்று விடுபட்டிருந்தாலும் விலகிவிடுங்கள். அதற்குமுன் அரங்கின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அரங்கில் 30 பவுண்டுக்கு இன்னும் காலியாக இருக்கும் இருக்கையை அங்கே 80-க்கு விற்பது நடக்கிற விஷயம்.

#16 குரோய்டன்_வாசி

எல்லோர் சொன்னதையும் வைத்துப் பார்த்தோம். ஞாயிறு காலைக் கச்சேரி ஒன்று பிடித்தோம். ஏழாவது வரிசை, நடுவுக்கு இடது, இரண்டு இருக்கை. நேர் பின்னால் எட்டாவது வரிசையில் ஒன்று. மகளுடையது பாதை ஓரம். பெத்தோவனின் பியானோ சொனாட்டாக்களில் ஓபஸ் (படைப்பு எண்) 109, 111 இரண்டும் வாசிக்கிறார்கள். வேறெதையாவது கவனிக்க வேண்டுமா?

#17 இடதுபக்கம்

அருமையான இடம், அருமையான நிகழ்ச்சி. நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓபஸ் 109 இருபது நிமிடத்தை ஒட்டி, அதன் பகுதிகளுக்கு நடுவே பலர் நிறுத்துவதே இல்லை. ஒரு நிமிடம் தாமதமானாலும் முதல் சொனாட்டா முழுவதும் கதவுக்கு வெளியேதான். பாண்ட் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஆனால் ஞாயிறுகளில் பராமரிப்புக்காக ரயில் பாதையை மூடுவது வழக்கம். குரோய்டனிலிருந்து வரும் ரயில் ஓடுகிறதா என்று சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள். 11 மணிக்கு வாசலில் இருந்தால் நிம்மதி. இடைவேளை இல்லை என்பதால் கழிப்பறைக்கு முதலிலேயே போய்வரச் சொல்லுங்கள்.

மின்டிக்கெட்டைப் படமாகச் சேமித்துவிட்டு, உள்ளே போனதும் தொலைபேசியை அணைத்தே விடுங்கள். 2013-ல் ஜெர்மனியின் எஸன் நகரில் பார்வையாளர் ஒருவர் தொலைபேசியில் காணொளி எடுத்ததைக் கண்டு போலந்துப் பியானோ கலைஞர் கிரிஸ்டியான் ஸிமர்மன் வாசிப்பை நிறுத்தி மேடையை விட்டே போனார்.

#18 சுருதிப்பெட்டி

தங்கச்சியிட்டை 109இன்ர நோட்ஸ் இருந்தால் முதல் நாள் ஒருக்கா வாசிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ, மண்டபத்துக்குக் கொண்டு போக வேண்டாம். தாள் திருப்புற சத்தம் அந்தச் சின்ன மண்டபத்திலை மேடை மட்டும் கேக்கும். இருமல் இனிப்புக் கொண்டு போறதெண்டால் வீட்டிலையே தாளைக் கழட்டி கைலேஞ்சியிலை சுத்தி எடுங்கோ. 111 முடியேக்குள்ள சத்தம் அப்பிடியே கரைஞ்சு போகும். அவர் பெடலிலை இருந்து காலை எடுக்கும் மட்டும் கை தட்ட வேண்டாமெண்டு பிள்ளைக்குச் சொல்லி வையுங்கோ. ஏழாம் வரிசை இடப்பக்கத்திலை இருந்து அந்தக் கால் வடிவாத் தெரியும்.